குனிந்து போகிற தெரு

மழை விட்ட ஈரத் தெரு. அதன் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நீளக் கயிறு தரையில் கிடந்தது. கயிறு முழுக்க முக்கோணத் துணிக் கொடிகளைத் தைத்திருந்தார்கள். சிவப்பு, நீலம், பூப்போட்டது, கோடு போட்டது. எல்லாம் சேற்றுத் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தன.

நான் தள்ளுவண்டியில் பாப்பாவைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். கயிற்றைப் பார்த்ததும் வண்டியின் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு ஓடினேன். கயிற்றின் நடுவில் இரண்டு கைகளையும் கொடுத்து மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.

"தரையில படுது, தரையில படுது" என்று சத்தமாக வேறு சொல்லியிருக்கிறேன்.

ஏணியோடு நின்றிருந்த ஒரு தடித்த மனிதர் என்னை வாயைத் திறந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏனென்றால் அது எங்கள் ஆரணி இல்லை. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். மறுநாள் அங்கே திருவிழா மாதிரி ஒன்று. தெருவில் தோரணம் கட்ட அந்தக் கொடிக்கயிற்றை விரித்துப் போட்டிருந்தார்கள். கட்டும்போது தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் கயிறு.

கல்யாண வீட்டில்கூடப் பந்தியின் கடைசி இலையைத் தேடிப்போய் உட்காருகிறவள் நான். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அப்படிச் செய்தேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்பவில்லை.

"நீயா? மளிகைக் கடையில உப்பு கேக்கவே என்னத்தான அனுப்புவ" என்கிறார்.

எதற்காகப் போனேன்

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் ஊர்ச் சூரியகுளத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாலாஜாவிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். "உங்க தங்கச்சியப் பத்தி எழுதும்போது மட்டும் பாதியில நிறுத்திடுறீங்களேம்மா" என்றார். உண்மைதான். இந்த வாரம் நிறுத்தாமல் எழுதப் பார்க்கிறேன்.

தங்கச்சி கலா நடை பழகிக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மா இறந்துபோனார். நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். அதோடு என் படிப்பு நின்றது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார், கலா அழுவாள், தூக்குவதற்கு வேறு ஆள் இல்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

கலா நன்றாகப் படித்தாள். வேலூரில் நர்சிங் முடித்து இங்கிலாந்துக்குப் போனாள். போளூர்ப் பையன் சரவணனைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து அவள் வயிற்றில் குழந்தை தங்கியது.

"அம்மா ஸ்தானத்துல நீதான்கா வரணும்" என்றாள் போனில். பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"இங்க ரெண்டு பேருக்கும் ஷிப்ட்டு வேலக்கா. பாத்துக்க ஆளு இல்ல. நீ திரும்பும்போது பாப்பாவக் கூட்டிகினு போய்டு. பள்ளிக்கூடம் சேக்கற வரைக்கும் ஆரணியிலயே இருக்கட்டும். என்னை வளத்த மாதிரி வளத்துடு."

எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. முன்பெல்லாம் விசேஷ வீடுகளில் கேட்பார்கள். இப்போது கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

கலா சொன்னதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. தூளி கட்டுவதற்கு. பாப்பா பிறக்கவே இன்னும் மாதங்கள் இருந்தன.

"தறி ரூம்ல எதுக்கு அடிக்கிறீங்க? சத்தத்துல எப்படித் தூங்கும்?"

"தறி சத்தத்துல தூங்கினாதான் அது ஆரணிக் கொழந்த. நீ ஏணியப் புடி."

பாவு நீட்டிய காலை

அந்தக் கயிற்றை ஏன் தூக்கினேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் விடிகிற நேரத்தில் பாவு நீட்டுவார்கள். புடவையின் நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் பாவு. நெய்வதற்கு முன்னால் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். இப்போதும் இந்த வேலை நடக்கிறது. போன வாரம்கூட எங்கள் வாசலில் அரக்கு நிறப் பாவு ஒன்று நின்றது.

பாவு நீட்டியிருக்கும்போது தெருவுக்குச் சில சட்டங்கள் உண்டு. பாவைத் தாண்டக் கூடாது. தொடக் கூடாது. தரையில் பட விடவே கூடாது. எதிர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் குனிந்து அடியில் நுழைந்துதான் போக வேண்டும். பால்காரர் குனிவார். தபால்காரர் குனிவார். ஒரு தடவை மாப்பிள்ளை அழைப்பே குனிந்து போயிருக்கிறது. பாவு எங்காவது தொய்ந்தால், வீட்டுக்குள் என்ன வேலையாக இருந்தாலும் ஓடிவந்து கை கொடுப்பார்கள். யார் வீட்டுப் பாவு என்று பார்ப்பதில்லை.

நான் கலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போவேன். பாவு வந்ததும் ஒரு கையை அவள் தலைமேல் வைத்து மெல்ல அழுத்துவேன். "குனி, குனி" என்பேன். அவளும் என் தோளில் மூக்கு படுகிற மாதிரி குனிவாள். அந்தப் பக்கம் போய் நிமிர்ந்ததும் சிரிப்பாள். மறுபடி போகலாம் என்று கையை நீட்டுவாள். பால் வாங்கத் தாமதம் ஆனதற்கு அப்பா கத்தியது நினைவிருக்கிறது.

இப்படி வளர்ந்தவள் கண்ணுக்கு, நீட்டி வைத்த எதுவும் தரையில் கிடந்தால் பொறுக்காது.

அந்த ஊரிலும் நான் தூக்கிப் பிடித்ததும் ஒன்று நடந்தது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து எனக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தாள். பிறகு இரண்டு பிள்ளைகள். பிறகு ஒரு நாயைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர், நாயையும் விடாமல் கயிற்றையும் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தெரு நீளத்துக்கு ஆட்கள் நின்றுவிட்டார்கள். எதிரில் ஒரு கார் வந்தது. எல்லோரும் கைகளை உயர்த்தினோம். கார் அடியில் போனது. ஓட்டியவர் காருக்குள்ளேயே குனிந்துகொண்டார்.

பஸ் நிறுத்த பெஞ்சில் ஒரு வயதான அம்மா கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். தெரு மூலையில் இருந்த கல் கட்டடத்தைக் காட்டினார். கோப்பையில் டீ குடிப்பது மாதிரி செய்து காட்டினார். 'வெட்னஸ்டே' என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

நிறம் மாறுகிற தண்ணீர்

அந்த அம்மாவின் பெயர் டோரீன். தொண்ணூறை நெருங்குகிறவர். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். எழுதினால் தப்பாக எழுதிவிடுவேன்.

புதன்கிழமைகளில் அந்தக் கல் கட்டடத்தில் வயதானவர்கள் கூடுவார்கள். அவரவர் வீட்டிலிருந்து பழைய போட்டோக்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்புவார்கள். சின்ன வயதில் ஊர் எப்படி இருந்தது என்று பேசுவார்கள். பெரிய பாத்திரத்தில் டீ கொதித்துக்கொண்டே இருக்கும். ஈரக் கம்பளிக் கோட்டு வாசனையும் பிஸ்கட் வாசனையும் சேர்ந்து வரும்.

நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருவேன். பேச்சு புரியாது. போட்டோ புரியும். ஒரு பாலம், ஒரு கம்பளி மில், வரிசையாக நிற்கிற மில் பெண்கள். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

கலாவுக்கு லீவு கிடைத்த ஒரு புதன்கிழமை அவளும் வந்தாள். அன்றுதான் எனக்கு எல்லாம் தமிழில் கிடைத்தது.

"இந்த ஆத்துத் தண்ணி தெனம் ஒரு கலர்ல ஓடுமாம்கா. மில்லுல இன்னா சாயம் போடறாங்களோ அந்தக் கலரு. பசங்க பள்ளிக்கூடம் போகும்போது பாலத்துல நின்னு, இன்னிக்கு பச்ச, இன்னிக்கு செவப்புன்னு பந்தயம் கட்டுவாங்களாம்."

நான் கலாவின் கையைப் பிடித்தேன். எங்கள் சாயப்பட்டறை வாய்க்காலும் அப்படித்தான். அரக்காக ஓடினால் முகூர்த்த மாதம் நெருங்குகிறது என்று தெரிந்துகொள்வோம். "சொல்லுடி அவங்களுக்கு" என்றேன். சொன்னாள். மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சூடானது.

கென் என்று ஒருவர். தபால்காரராக இருந்தவர். அவருக்கும் டோரீன் அம்மாவுக்கும் எப்போதும் வழக்கு. அன்றைய வழக்கு, மூடிப்போன ரயில் நிலையத்தில் கடிகாரம் எந்தப் பக்கம் இருந்தது என்பது.

"இடது பக்கம்ன்றாரு இவரு. 'உனக்கு அப்பவே கண்ணு தெரியாது, அதான் என் வீட்டு தபால பக்கத்து வீட்ல போட்ட'ன்றாங்க அந்தம்மா."

ரயில் நின்றுபோனதைச் சொல்லும்போது இருவர் குரலும் தாழ்ந்தது. உங்கள் ஊரில் ரயில் உண்டா என்று என்னைக் கேட்டார்கள்.

"எங்க ஊருக்கு ரயிலு போச்சுன்னு வருத்தப்பட வழியில்ல, வந்தாத்தான போறதுக்கு. ஆரணி ரோடுன்னு ஸ்டேஷனுக்குப் பேரு மட்டும் குடுத்தாங்க. எறங்கினா களம்பூரு. அங்கருந்து பஸ்ஸு புடிக்கணும்."

கலா மொழிபெயர்த்து முடித்ததும் கென் சிரித்துச் சிரித்து இருமினார். யாரோ முதுகில் தட்டினார்கள்.

அப்போது டோரீன் அம்மா கேட்டார், எங்கள் ஆட்கள் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறார்களா என்று.

"ஒருத்தரு இன்னும் போகவே இல்லன்னு சொல்லு" என்றேன்.

எங்கள் கோட்டை மைதானத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டிய உயரமான கட்டடம் இருக்கிறது. கோட்டையில் பட்டாளம் இருந்த காலத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவோம். தொட்டுவிட்டால் யாரும் நம்மைப் பிடிக்கக் கூடாது. அவர் பெயர் என்ன என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அவர்தான் எங்களைக் காப்பாற்றுகிறவர்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவரப் பெத்தவங்க எந்த ஊர்ல காத்துகினு இருந்தாங்களோன்றாங்கக்கா" என்றாள் கலா.

மிஸஸ்

டோரீன் அம்மா அதோடு நிறுத்தவில்லை. கைத்தடியால் தரையைத் தட்டிக் காட்டிப் பேச ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு அது தெரிந்த கதை போலிருக்கிறது. ஆனாலும் டீ ஊற்றுகிற பெண்கூட நின்றுவிட்டாள்.

கலா என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இதே ஹால்லதான் இவங்கள நிக்க வெச்சாங்களாம். அப்போ ரெண்டாவது உலகச் சண்ட நடந்துகினு இருந்துச்சாம். சிட்டி மேல குண்டு போடுவாங்கன்னு பசங்கள எல்லாம் ரயில்ல ஏத்தி இந்த மாதிரி ஊருங்களுக்கு அனுப்பிட்டாங்களாம். அப்பா அம்மா கூட இல்ல. பசங்க மட்டும். கோட்டுல பேரு எழுதின அட்டயக் குத்தி வெச்சிருப்பாங்களாம். இவங்க அண்ணன் கையப் புடிச்சிகினு வந்தாங்களாம். ரொம்பச் சின்னப் புள்ள. ஊர்க்காரங்க வந்து பாத்து, நான் இதக் கூட்டிகினு போறேன், நான் அதக் கூட்டிகினு போறேன்னு..."

என் மடியில் பாப்பா என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணன வேற யாரோ கூட்டிகினு போனாங்களாம். ரொட்டிக் கடைக்காரரு வீட்டம்மா இவங்களத் தூக்கிகினாங்களாம். அவங்களுக்குக் கொழந்த இல்லியாம்."

இதைச் சொல்லும்போது கலா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உசுரா வெச்சிகினாங்களாம். அடுப்புப் பக்கத்துல மாவு மூட்ட மேல படுத்துத் தூங்குவாங்களாம். பெத்த அம்மா ஆரம்பத்துல அப்பப்ப வந்து பாத்தாங்களாம். அப்புறம் பேக்டரி வேல, வர முடியலியாம். வருஷம் போயிட்டுதாம். சண்ட முடிஞ்சதும் கூட்டிகினு போக அம்மா வந்து நின்னாங்களாம். இவங்க..."

கலா நிறுத்திவிட்டாள்.

டோரீன் அம்மா பேசிக்கொண்டே இருந்தார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கென் சன்னல் பக்கம் பார்த்தார்.

"இன்னா சொல்றாங்கடி?"

"அப்புறம் சொல்றேன்கா" என்றாள். என் மடியிலிருந்து பாப்பாவை எடுத்துக்கொண்டாள். பாப்பா சிணுங்கியது. என் பக்கம் கையை நீட்டியது. கலா கொடுக்கவில்லை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஆற்றோரப் பாதையில் நடந்தோம். தண்ணீர் தண்ணீர் நிறத்திலேயே ஓடியது. கலா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே, முன்னால் பார்த்தபடி மீதியைச் சொன்னாள்.

"பெத்த அம்மாவ அவங்களுக்கு அடையாளம் தெரியலியாம்கா. 'மிஸஸ், உக்காருங்க'ன்னாங்களாம். வேத்து வீட்டுப் பொம்பளைங்களக் கூப்புடறாப்ல."

"அப்புறம்?"

"ஓடிப்போயி ரொட்டிக் கடைக்காரம்மா பின்னால ஒளிஞ்சிகினாங்களாம். அந்தம்மா சொவத்துப் பக்கம் திரும்பி மாவு பெசஞ்சிகினு இருந்தாங்களாம். இவங்க துணியப் புடிச்சி இழுத்து இழுத்துப் பாத்தாங்களாம். அவங்க திரும்பவே இல்லியாம். பெசஞ்சிகினே இருந்தாங்களாம். இவங்க பெத்த அம்மா கூட அப்புடியே கெளம்பிப் போய்ட்டாங்களாம். ஏன் திரும்பலன்னு ரொம்ப வருஷம் கோவமா இருந்தாங்களாம். பெரியவங்களாகி, இந்த ஊருக்கே குடி வந்தாங்களாம். வந்து பாத்தா ரொட்டிக் கடைக்காரம்மா இல்ல, செத்துட்டாங்களாம்."

கொஞ்ச தூரம் போன பிறகு கலா சொன்னாள், "ஏன் திரும்பலன்னு இன்னும் தெரியலியாம்கா."

எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

மூடியிருந்த ஜிப்

அதற்குப் பிறகு சில நாட்கள் கலா என்னிடம் சரியாகப் பேசவில்லை. பாப்பாவின் பாஸ்போர்ட் வந்து மேசை டிராயரில் இருந்தது. அதில் பாப்பா மொட்டைத் தலையோடு, யாரோ அதட்டினது மாதிரி முழித்துக்கொண்டிருந்தது. நான் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் கலா பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"பாப்பா இங்கயே இருக்கட்டும்கா."

"சரி."

"சரவணன் பகல் வேலைக்கு மாத்திக்கிறேன்னாரு. மஞ்ச கோட்டுக்காரம்மா பொண்ணு வீட்லயே பசங்கள பாத்துக்கறாங்களாம். எப்புடியாச்சும் பாத்துப்போம்."

"சரிடி. அதான் நல்லது."

"திட்டேன்கா."

"எதுக்குத் திட்டணும்?"

"ஆச காட்டிட்டு..." குழாயை மூடினாள். "எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகம் இல்லக்கா. எவ்ளோ யோசிச்சாலும் உன் மூஞ்சிதான் வருது. எனக்கு அது போதும். ஆனா என் பொண்ணு யோசிச்சா..."

முடிக்கவில்லை. நான் போய்ப் புட்டிகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"உங்க மாமாதான் பாவம். கொக்கி அடிச்சி வெச்சிகினு உக்காந்துகினு இருக்காரு" என்றேன்.

கலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த மாதிரி என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் வந்த கடைசிப் புதன்கிழமை டோரீன் அம்மா எனக்கு ஒரு கொடி கொடுத்தார். கயிற்றிலிருந்து பிரித்து எடுத்த ஒரே ஒரு முக்கோணம், பூப்போட்டது. நான் கொண்டுபோயிருந்த பட்டுத் துண்டு ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பாப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் ஏற்பாடு பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் என் கன்னத்தில் கை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

விமான நிலையத்தில் சரவணன் பெட்டியை வண்டியில் ஏற்றினார். கலாவின் இடுப்பில் பாப்பா. என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் நீட்டும், அதில் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி நீட்டியது. சத்தம் போட்டது.

நான் குனிந்து கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே மூடியிருந்தது.

"அக்கா" என்றாள் கலா.

"போய்ட்டு வரேன்" என்றேன் ஜிப்பைப் பார்த்தபடியே. அப்படியே உள்ளே போய்விட்டேன்.

கொக்கி

ஆரணிக்கு வந்த அன்று வீட்டுக்காரர் பெட்டியை வாங்கித் திண்ணையில் வைத்தார். தறி அறைக்குள் போனேன். கொக்கி அங்கேயே இருந்தது. அதில் ஒரு வெங்காயப் பை தொங்கியது.

"இன்னாங்க இது?"

"எலி தொல்ல தாங்கல. சும்மாதான இருக்குதுன்னு மாட்டினேன்." தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். "வேணாம்னா எடுத்துடு."

நான் எடுக்கவில்லை. இன்றும் வெங்காயம் அங்கேதான் இருக்கிறது. சாம்பாருக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அது ஒரு கஷ்டம்தான். ஆனால் கொக்கியைப் பிடுங்கிவிடலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஆரணிக்காக ஏங்குவதை நிறையக் கேட்டிருக்கிறேன். கலாகூட போனில் ஊர்ப் பன்னீர் சோடா கிடைக்குமா என்று கேட்டு என்னை அழ வைப்பாள். ஆரணியில் உட்கார்ந்துகொண்டு ஓர் இங்கிலீஷ் ஊருக்காக ஏங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புதன்கிழமை காலையில் கை வேலையை விட்டுவிடுகிறது. டீ கொதிக்கும்போது ஈரக் கம்பளி வாசனையைத் தேடுகிறேன். இங்கே டீயில் இஞ்சி வாசனைதான் வருகிறது.

கோட்டை மைதானம் வழியாகப் போனால் அந்த வெள்ளைக்காரர் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். பிள்ளைகள் இப்போதும் அதைச் சுற்றி ஓடுகிறார்கள். ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது, கிட்டே போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் சமீபத்தில்தான் நடந்தது. கலா வீடியோவில் கூப்பிட்டாள். நானும் வீட்டுக்காரரும் தறி அறையில் போனைப் பாவுக் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கலா வீட்டுக் கூடத்தில் ஊர்க் கொடிக்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். புதன்கிழமைக் கூட்டத்திலிருந்து இரவல் வாங்கியதாம். டோரீன் அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். தோளில் என் பட்டுத் துண்டு. கென் கேக்கை வெட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சரவணன் போனைப் பாப்பாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். "பாரு பாரு, ஆரணி பெரியம்மா."

பாப்பா என்னைப் பார்த்தது. யாரோ வேற்று வீட்டுப் பெண்ணைப் பார்க்கிற பார்வை. பிறகு திரும்பி, "ம்மா" என்று கலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"சரியா ஆளப் புடிச்சிட்டா" என்றார் வீட்டுக்காரர். என் முழங்காலில் கையை வைத்தார்.

கேக் எடுக்கக் கலா சமையலறைப் பக்கம் நடந்தாள். இடுப்பில் பாப்பா. அவர்கள் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், கொடிக்கயிறு போனது. குனிய வேண்டிய அவசியமே இல்லை. கயிற்றுக்குக் கீழே வந்ததும் கலா ஒரு கையைப் பாப்பாவின் தலைமேல் வைத்து மெல்ல அழுத்தினாள். தன் தலையையும் தாழ்த்தினாள். பாப்பா அவள் தோளில் மூக்கைப் புதைத்தது. அந்தப் பக்கம் போனதும் இருவரும் நிமிர்ந்தார்கள். பாப்பா சிரித்தது.

கலா பேசிக்கொண்டேதான் போனாள். கேக் சரியாக வேகவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். தான் செய்தது அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாக்கா பாத்துகினே இருக்க?" என்றாள் திரும்பி வந்து.

"ஒண்ணுமில்ல. கேக்கு நல்லாத்தான் வந்திருக்குது" என்றேன்.

இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இந்தத் தொடரும் அங்கே அவள் கைக்குப் போவதில்லை. சொன்னால் அடுத்த முறை யோசிப்பாள். யோசித்தால் கையை எடுத்துவிடுவாள்.